செடிச் சரக்கு

அண்ணியின் பால்கனித் தொட்டியில், தக்காளிச் செடியின் அடியில் பச்சைப் பச்சையாக ஏதோ மின்னியது. கண்ணாடி உடைந்து கிடக்கிறது என்று நினைத்துக் குனிந்து மண்ணைக் கிளறினேன். வழவழவென்று ஒன்று விரலுக்கு அகப்படாமல் நழுவியது. பட்டாணி அளவு, உள்ளே வெளிச்சம் புகுந்து போகிற பச்சை. அதை எந்த ஊர் மண்ணில் புதைத்து வைத்தாலும் நான் அடையாளம் சொல்வேன். பெற்றவளுக்குத் தெரியாதா?

"அண்ணி, இது எப்படி இங்க வந்துச்சு?"

"அதுவா? உங்கண்ணன் கொண்டாந்தாரு. மண்ணுல கலந்து விட்டா தண்ணியக் குடிச்சு வெச்சுக்கிட்டு செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்குமாம். இனிமே நான் எங்கம்மா வீட்டுக்குப் போய் பத்து நாள் இருந்தாலும் செடி வாடாது. அதுக்காகவே கொண்டாந்தாரோ என்னவோ." சிரித்துக்கொண்டே கையிலிருந்த கிண்ணத்தை நீட்டினார். அப்போதுதான் பறித்த தக்காளிகள், சின்னதும் பெரியதுமாக. "இந்தா, ஒண்ணு வாயில போட்டுப் பாரு."

நான் கிண்ணத்தை அப்படியே வாங்கித் தரையில் வைத்தேன். "இதை யாரும் சாப்பிடாதீங்க. பிள்ளைங்க கையில குடுக்காதீங்க. தொட்டி மேல ஒரு சாக்கைப் போட்டு மூடி வைங்க."

"ஏன், பூச்சி விழுந்திருச்சா?"

"ஆமா. உங்க வீட்டுக்காரர்" என்றேன். செருப்பை மாட்டியதுகூட நினைவில்லை, படியிறங்கிவிட்டேன்.

எங்களுடையது முலாம் பட்டறை. குழாய், கதவுக் கைப்பிடி, துண்டு மாட்டும் கம்பி என்று அழுக்குப் பித்தளையாக உள்ளே வருவதெல்லாம் மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு வெளியே போகும். மினுக்கு ஏற்றுவது நிக்கல். நிக்கல் தொட்டி என்பது ஒரு பச்சைக் குளம். அதில் முக்கி எடுத்த சாமானை வெறும் தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசு தண்ணீரோடு கொஞ்சம் நிக்கலும் போய்விடும். எங்கே போகும் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "கீழ" என்றார். ரொம்ப நாள் 'கீழ' என்பது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றே நினைத்திருந்தேன். யாருக்கும் சொந்தக்காரர்கள் இல்லாத ஊர் போலிருக்கிறது. அங்கே எதை அனுப்பினாலும் யாரும் எழுதிக் கேட்பதில்லை.

பக்கத்துத் தெருப் பட்டறைக்கு அதிகாரிகள் பூட்டுப் போட்டு அரக்கு வைத்த பிறகுதான் அண்ணனுக்குக் 'கீழ' என்ற ஊரைப் பற்றிய அக்கறை பிறந்தது. நான் வேதியியல் படித்தவள். அதனால் வீட்டில் எனக்குப் பெயர் குப்பி. அதுவரை என் படிப்பு, கல்யாணப் பேச்சுகளில் சொல்லிக்கொள்ள உதவியதோடு சரி. "ஏய் குப்பி, படிச்சதுக்கு ஏதாவது வழி சொல்லு" என்றான். சொன்னேன். கடற்பாசிப் பசையையும் வாழைநார்த் தூளையும் கூழாகக் குழைத்து, ஓட்டைத் தட்டு வழியாகச் சுண்ணாம்பு உப்புத் தண்ணீரில் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் உருண்டு ஒரு முத்தாகிவிடும். வயிறு முட்டத் தண்ணீரைக் குடித்திருக்கும், ஆனால் கரையாது. நிக்கலைக் கண்டால் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். உயரமான குழாயில் இந்த முத்துகளை நிரப்பி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கீழே சும்மாத் தண்ணீர் வரும். முத்து பச்சையாகிக்கொண்டே போகும்.

இதை அண்ணனிடம் இப்படிச் சொல்லி ஏற்க வைக்க முடியாது. வியாபாரியிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது, சரக்கைச் சொல்ல வேண்டும். "முழுக்கச் செடிச் சரக்கு அண்ணா. கையாலயே அள்ளலாம், மூடி வைக்க வேண்டாம், காவல் வேண்டாம். நாய் தின்னாக்கூட சாகாது" என்றேன். கடற்பாசி செடியா என்று யாரும் என்னோடு வாதத்துக்கு வர வேண்டாம். எங்கள் பட்டறைக் கணக்கில் பச்சையாக முளைப்பதெல்லாம் செடி. நான் சொன்னதில் பொய்யும் இல்லை. புது முத்தைப் பற்றிய வரைக்கும் எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு சரக்குக்கு ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், அது விற்றுத் தீரும்வரை அதே பெயர்தான். வெறும் சாக்கும் சாக்கு, கல் நிரப்பிய சாக்கும் சாக்கு.

நிரம்பிய முத்தை லேசான அமிலத்தில் கழுவ வேண்டும். அப்போது பிடித்த நிக்கலைத் திருப்பிக் கொடுத்துவிடும். நிக்கலைத் தொட்டிக்கே ஊற்றிக்கொள்ளலாம், முத்தை மறுபடி குழாயில் போடலாம். தளர்ந்துபோன முத்தை, ஆபத்தான கழிவு எடுக்கும் உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் முதல் பாதிக்கு அண்ணனிடம் பொறுமை இல்லை. கல்யாண மண்டபம் ஒன்றுக்கு மொத்தமாகக் கைப்பிடி ஆர்டர் வந்த சமயம், கழுவ நேரமில்லை என்று நிரம்பிய முத்துகளை அப்படியே டிரம்மில் கொட்டிவிட்டுக் குழாயில் புதிதாக நிரப்பச் சொன்னான். இரண்டாம் பாதிக்கு அவனிடம் மனமே இல்லை. "குப்பைய எடுத்துட்டுப் போறவனுக்கு நாம காசு குடுக்கணுமாம். சரக்கும் நம்மளுது, காசும் நம்மளுதா? இப்படி ஒரு வியாபாரத்தை நம்ம பரம்பரையில எவனும் பண்ணினதில்ல" என்று கணக்கரிடம் புலம்பிக்கொண்டிருந்தான். கேட்டுச் சிரித்தேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பட்டறைக்குள் நுழைந்தபோது அவன் விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு குழாயின் மினுமினுப்பில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தான்.

"வா வா. பின்னாடி போய்ப் பாத்தியா? டிரம் எல்லாம் காலி. கழுவிக் கவுத்து வெச்சாச்சு. கழிவுன்னு ஒரு சரக்கே கிடையாது, குப்பி. வாங்குறவன் இன்னும் வந்து சேரலைன்னு அர்த்தம், அவ்வளவுதான்."

"யாருக்கு வித்த?"

"நாற்றுப் பண்ணை அக்காவுக்கு. அங்க போனப்பப் பாக்கறேன், பாக்கெட்டுல வெள்ளை வெள்ளையா முத்து விக்கிறாங்க, மண்ணுல கலக்கறதுக்கு. தண்ணி முத்தாம். கையில எடுத்துப் பாத்தா நம்ம சரக்கேதான். அதுக்கு நிறமில்ல, நம்மளுதுக்கு நிறம் வேற இருக்கு. அள்ளிக்கிட்டாங்க."

அறிவில்லாதவன் செய்த வேலை என்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். என் வயிறு எரிந்ததற்குக் காரணமே அவன் மூளைதான். இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு என்று, ஒரு வரி படிக்காமல், விரலால் நசுக்கிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறான். அந்த விரலுக்கு, முத்து ஏன் பச்சையாக இருக்கிறது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"அதுக்குள்ள நிக்கல் இருக்குடா!"

வயதில் மூத்தவனை அதுவரை நான் டா போட்டதில்லை. முலாம் தொட்டியருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

"கத்தாத. நீதானே சொன்ன, செடிச் சரக்குன்னு? செடியில இருந்து வந்துச்சு, செடிக்கே போச்சு. நாய் தின்னாலும் சாகாதுன்னு உன் வாயால சொல்லல?"

"வெறும் பைய காட்டிச் சொன்னேன். நீ பை நிறைய நிக்கலை அடைச்சு வித்திருக்க."

"அதான் கெட்டியாப் பிடிச்சுக்குமே? பிடிச்சா விடாதுன்னு பெருமையாச் சொன்னியே."

"அலசு தண்ணியில விடாது. உப்பு பட்டா விடும். உரம்னா என்னன்னு நெனச்ச? உப்புதான். அவங்க ஒவ்வொரு தடவை உரம் கரைச்சு ஊத்தறப்பவும் முத்து உரத்தை வாங்கிக்கிட்டு நிக்கலைக் கக்கும். அதைக் கீரை குடிக்கும். கீரைய எவனோ தின்பான்." மூச்சு வாங்கியது. "எவனோ என்ன எவனோ. உன் வீட்டுத் தக்காளித் தொட்டியில நீயே கலந்து வெச்சிருக்க. இப்பத்தான் அண்ணி கையில இருந்து கிண்ணத்தைப் பிடுங்கிட்டு வரேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த குழாய் மேசையில் உருண்டு, விளிம்பில் நின்றது. முகத்தில் இரத்தம் இல்லை. சின்ன வயதில் நான் கிணற்றுப் பக்கம் ஓடியபோது துரத்தி வந்து பிடித்தானே, அந்த முகம். அந்த ஒரு கணம் அவன் என் அண்ணனாக மட்டும் இருந்தான். அடுத்த கணம் வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள், இப்போது என்ன செய்யலாம் என்று எத்தனையோ கேள்விகள் வரிசையில் நின்றன. அவன் வாயிலிருந்து முதலில் வந்தது இது.

"இல்ல."

"நல்லதாப் போச்சு. வெளிய தெரிஞ்சா பட்டறைக்குப் பூட்டு. இங்க வேலை பாக்குற அத்தனை பேரும் தெருவுல. நீயும்தான். உன் ஆராய்ச்சிக்குத் தனியா கடை போட்டா வெச்சிருக்கேன்? வித்ததை வாங்கிடுவோம். அந்தக்காவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். சரக்கு திரும்பி வந்துட்டா எல்லாம் சரியாப் போச்சு இல்ல?"

சரியாகப் போகாது. ஆனால் மண்ணில் கலக்காத மூட்டைகளாவது உடனே கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

நாற்றுப் பண்ணை எங்கள் பட்டறையிலிருந்து அதிக தூரமில்லை. பச்சை வலைக் கூரையின் கீழே வரிசை வரிசையாக நாற்றுத் தட்டுகள். கீரை, மிளகாய், கத்தரி, தக்காளி, அப்பால் பூச்செடிகள். பழைய கதவொன்றைச் செங்கல்லில் கிடத்தியதுதான் கல்லா மேசை. நாற்றுக்காரம்மா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஒரே சமயத்தில் ஒருவரிடம் விலை சொல்லி, இன்னொருவருக்குச் சில்லறை கொடுத்து, தண்ணீர்க் குழாய் பிடித்திருந்த ஆளை அதட்டிக்கொண்டிருந்தார். யாராவது தயங்கினால் தட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டு மென்று காட்டுவார். "பாத்துக்க. மருந்து அடிச்ச நாத்தா இருந்தா நான் வாயில வெப்பனா?" அதற்கு மேல் யாரும் தயங்குவதில்லை. தூணில் புது அட்டை ஒன்று தொங்கியது: பச்சை முத்து கலந்தது, வாடவே வாடாது.

"அக்கா, முத்து எப்படிப் போகுது?" என்று அண்ணன் ஆரம்பித்தான். குரலில் தேன்.

"அமோகமாப் போகுது தம்பி. இன்னும் இருந்தா அனுப்பு."

"அதுக்குத்தான் வந்தேன். இதைவிட உசத்தியா ஒண்ணு வந்திருக்கு. உங்ககிட்ட மிச்சம் இருக்கிற பழசைக் குடுத்துடுங்க, மாத்திக் குடுத்துடறேன்."

நாற்றுக்காரம்மா சில்லறையை எண்ணுவதை நிறுத்தினார். அவரது கண் அண்ணனின் முகத்தில் ஒருமுறை மேய்ந்து, என்னிடம் வந்து, திரும்பவும் அவனிடம் போனது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அதோடு பிறந்து வளர்ந்தவள் நான்.

"உசத்தி வந்திருந்தா அதுக்கு உசத்தியா விலை சொல்லுவ. பழசை எதுக்குக் கேக்கற?"

"உங்களுக்கு நல்லது குடுக்கணும்னுதான்."

"எனக்கு நல்லது பண்ணணும்னு இதுவரைக்கும் எந்த வியாபாரியும் வண்டி போட்டுட்டு வந்ததில்ல, தம்பி."

"சரிக்கா, வாங்கின விலைக்கே எடுத்துக்கறேன். கூடக் கொஞ்சம் போட்டுத் தரேன்."

அந்தக் 'கூட' என்ற சொல்லில் கதை முடிந்தது. விற்ற சரக்கை விற்றவனே அதிக விலைக்குக் கேட்டு வந்தால் சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாற்றுக்காரம்மாவின் கண்ணில் விளக்கு எரிந்தது. "யாரோ பெரிய பார்ட்டி கேட்டிருக்கான், இல்ல? எனக்குத் தெரியாதா?" என்றவர், குழாய் பிடித்திருந்த ஆளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏப்பா, அந்தப் பச்சை முத்து மூட்டைய உள்ள தூக்கி வெச்சுப் பூட்டு. சாவிய எங்கிட்ட குடு."

நாங்கள் போனதில் விளைந்த நன்மை இது. அதுவரை மூலையில் சாய்ந்து கிடந்த விஷத்துக்கு அறையும் பூட்டும் கிடைத்தன. பிறகு அவர் ஒரு விலை சொன்னார். நல்ல கொழுத்த விலைதான். பட்டறையின் உயிருக்கு முன்னால் அது தூசு. கொடு என்று அண்ணனின் முழங்கையில் கிள்ளினேன். அவன் வாயைத் திறந்தான்.

"பாதி."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம். "கேட்டதைக் குடுடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"சும்மா இரு. சொன்ன விலைக்கு வாங்கினா சந்தேகப்படுவாங்க" என்று உதட்டை அசைக்காமல் சொன்னான். அதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. ஆனால் அவன் குரலில் நியாயத்துக்கு மேல் இன்னொன்றும் இருந்தது. ருசி. கொஞ்ச நேரம் முன்பு முகம் வெளுத்து உட்கார்ந்தவன் இவன்தான். இப்போது காதுமடல் சிவந்து, கண் பளபளத்து, உயிரோடு இருந்தான். தன் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கக்கூடியதை வாங்க வந்த இடத்தில் பேரம் இனித்தது அவனுக்கு. அவர் இறங்கினார், இவன் ஏறினான், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். நடுவில் இரண்டு பேர் வந்து முத்து கலந்த நாற்றுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வாங்கிப் போகும்வரை பேரம் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

கடைசியில் அண்ணன் பெருமூச்சு விட்டுக் கையை உதறினான். "கட்டுப்படி ஆகாதுக்கா. விடுங்க. வேற எடத்துல பாத்துக்கறேன்." திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான்.

இந்த நடை எங்கள் வீட்டு நடை. எங்கள் பிள்ளைகள் தவழ்ந்து முடித்ததும் பழகுவது இதைத்தான். அவசரம் கூடாது. தோள் நிமிர்ந்து, கால் மட்டும் தளர்ந்து, காதை முதுகில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எப்படியும் கூப்பிடுவார்கள். கூடப் போனவர்களும் சேர்ந்து நடந்தால்தான் நடைக்குப் பலம். ஜவுளிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை இப்படி வெளியேறியிருக்கிறேன். எனக்குப் பிடித்த கவுனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் தொடையில் கிள்ளு விழும். அண்ணன் என்னைக் கடந்தபோது கண்ணால் வா என்றான்.

என் கால் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கீரைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சில்லறைக்காக நின்றிருந்தார். "வீட்டுல அவளுக்கு உடம்பு முடியல. கடைக் கீரை வேண்டாம், நீங்களே வளர்த்துக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாரு" என்று என்னிடம், யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்பதுபோல், சொன்னார். தட்டின் மண்ணில் ஆறேழு பச்சை முத்துகள் வெயிலில் சிரித்தன.

நான் அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக் கதவு மேசையின் மேல் வைத்தேன்.

"அக்கா, இது விஷம். எங்க பட்டறை நிக்கலைக் குடிச்ச முத்து. கழிவுக்குப் போக வேண்டியதை எங்கண்ணன் உங்களுக்கு வித்துட்டான். பூட்டி வெச்சிருக்கிற மூட்டை, இந்தத் தட்டு எல்லாம், எதையும் யாருக்கும் குடுக்காதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நாற்றுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சபாஷ். அண்ணன் ஏத்திப் பாத்தாரு, படியல. எறக்கிப் பாத்தாரு, படியல. இப்ப தங்கச்சி வந்து சரக்கை மட்டம் தட்டுது. அந்த மனுஷன் இதே எடத்துல நின்னு நாய் தின்னாலும் சாகாதுன்னு சொன்னாரும்மா. எங்கிட்ட இருக்கிற வரைக்கும் விஷம், உங்க கைக்கு வந்ததும் முத்தா?"

"சத்தியமாச் சொல்றேன்!"

"சத்தியம் பண்ணாம எவன் வித்தான்?"

உண்மைக்கென்று தனியாக ஒரு சொல் கிடையாது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. இருந்த சொற்களையெல்லாம் நாங்கள் எடுத்து விற்றுத் தீர்த்திருந்தோம். சத்தியமா, பிள்ளை மேல ஆணையா, எனக்கு இதுல ஒண்ணுமில்ல, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எதை எடுத்தாலும் எங்கள் அழுக்குக் கைரேகை. என் பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் அந்தச் சொற்களின் மேலிருந்த முலாமைத் தேய்த்துத் தேய்த்துப் பித்தளையாக்கி வைத்திருந்தார்கள். இப்போது எனக்கு ஒன்று தேவைப்பட்டபோது சந்தையில் இல்லை.

கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, சாவி, மாத்திரை அட்டை, அவற்றோடு சின்னச் சீசா. பட்டறையில் முத்துக் குழாயின் கீழே வரும் தண்ணீரில் நிக்கல் தப்பித்து வருகிறதா என்று பார்க்க அந்தச் சீசாவிலிருந்து ஒரு சொட்டு விடுவேன். இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மேசை மேல் அவர் டீ குடித்த வெள்ளைக் கோப்பை இருந்தது. தட்டிலிருந்து ஒரு முத்தைப் பொறுக்கி அதில் போட்டு நசுக்கி, சீசாவைத் திறந்தேன். நெடி மூக்கைக் குத்தியது. ஒரு சொட்டு.

சிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, அறைந்த கன்னம் மாதிரி, ஒரே அடியாக. ரோஜாச் சிவப்பு.

நாற்றுக்காரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நம்பியதால் இல்லை, உஷாரானதால். "எதுல விட்டாலும் செவக்கிற மருந்தா இருக்கும். வித்தை காட்டறவன் எல்லாம் இப்படித்தான்" என்றார். குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். "இதுல விடு." விட்டேன். ஒன்றுமில்லை. முத்து கலக்காத பழைய தட்டு ஒன்றை இழுத்து, அதன் அடியில் வடிந்ததை ஒரு டப்பா மூடியில் பிடித்தார். "இதுல?" ஒன்றுமில்லை. பெரியவரின் கீரைத் தட்டை அவரே தூக்கிச் சாய்த்தார். அடியிலிருந்து வடிந்த தண்ணீர், முத்து இல்லாத வெறும் தண்ணீர், கலங்கலாக மூடியில் நிறைந்தது. உரம் ஊற்றிய தண்ணீர். சீசாவை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு சொட்டு விட்டார்.

மெல்ல, ஓரத்திலிருந்து, சிவந்தது.

பெரியவர் தன் இரு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டார். நாற்றுக்காரம்மா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரது நாக்கு, வாயின் உள்பக்கம் கன்னத்தையும் பல்லையும் தடவித் தடவிப் பார்ப்பது வெளியே தெரிந்தது.

"தினமும் கிள்ளி மென்னேனேடி" என்றார். சத்தமில்லாமல். "ஒவ்வொருத்தனுக்கும் மென்னு காட்டினேனே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றோ, வாங்கியவர்கள் யார் யார் என்று நினைவிருக்கிறதா என்றோ. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அட்டைய அவுருப்பா" என்று ஆளிடம் சொல்லிவிட்டு, சீசாவோடு தட்டுகளின் வரிசைக்குள் நடந்தார். ஒவ்வொரு தட்டாகச் சாய்த்து, மூடியில் பிடித்து, சொட்டு விட்டு, சிவந்ததை இடப்பக்கம் தள்ளினார். சிறிது நேரத்தில் மூடி பிடிக்கவும் பொறுமையில்லாமல் முத்துகளின் மேலேயே நேரடியாக விட ஆரம்பித்தார். கீரையின் அடியில், மிளகாயின் அடியில், சிவப்புச் சிவப்பாகத் திறந்துகொண்டே போயிற்று. நானும் பெரியவரும் தட்டுகளைத் தூக்கித் தூக்கி இடப்பக்கம் அடுக்கினோம்.

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கையில் குடையும் பையுமாக ஓர் அம்மா இறங்கி வந்தார். நடந்தது எதுவும் தெரியாத முகம். அடுக்கி வைத்த தட்டுகளை எட்டிப் பார்த்தவர், குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"ஏங்க, இது புதுசா இருக்கே, அடியில செவப்பா. அழகா இருக்கு. என்ன விலை?"

நாற்றுக்காரம்மா நிமிர்ந்தார். விலை கேட்ட குரலுக்கு அந்த வாய் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. பழக்கத்தில் உதடு பிரிந்துவிட்டது. சீசாவின் முனையில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கியது. அவரது பார்வை அந்த அம்மாவைத் தாண்டி வாசலுக்குப் போனது. நானும் பார்த்தேன்.

வெளியே, வெயிலில், அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் அதே நடையை நடந்துகொண்டிருந்தான். ஸ்கூட்டரைத் தாண்டி, பக்கத்துக் கடையையும் தாண்டி, ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் வேண்டிய அளவு இடைவெளி விட்டு, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தபடி.